ஆத்தங்குடிக் கல்லும் ஐந்தரை மணி நேரமும்

காரைக்குடி வீட்டுப் பரணில் கிடந்த சாமான்களைப் படம் எடுத்து ஒரு சின்ன வெப்சைட்டில் போட்டு வைத்திருக்கிறேன். மங்குத் தட்டு, கொட்டான், பல்லாங்குழி என்று ஒவ்வொன்றுக்கும் நாலு வரி. சொந்தக்காரர்கள் திறந்து பார்ப்பார்கள், வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு போடுவார்கள், அத்தோடு சரி. திரும்ப வர வைக்க என்ன செய்யலாம் என்று யோசித்து, விளையாட்டாக்கிப் பார்த்தேன்.

முதலில் புள்ளி. ஒரு பக்கத்தைத் திறந்தால் 10 புள்ளி, மேலே முதலிடம் முதல் கடைசி வரை பெயர்ப் பட்டியல். இரண்டே நாளில் அத்தை மகன் 4,000 தாண்டிவிட்டான். ஒரே பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்துகொண்டே இருந்திருக்கிறான். கொட்டான் எந்த ஓலையில் முடைவது என்று கேட்டால் முழிக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நான் எதற்குக் கூலி கொடுத்தேனோ அந்த வேலையைத்தான் பார்த்திருக்கிறான். அதற்குள் கடைசி இடத்தில் நின்ற பெரியப்பா போன் செய்துவிட்டார்: "என் பேரை எடுத்துடுப்பா." புள்ளியையும் பட்டியலையும் சேர்த்தே தூக்கிவிட்டேன்.

அடுத்தது ஆத்தங்குடிக் கல், எங்கள் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூப்போட்ட தரைக்கல். படத்தைப் பார்த்துப் பெயர் சொன்னால், திரையில் இருக்கும் வெறும் வளவில், அதாவது செட்டிநாட்டு வீட்டின் நடுக்கட்டில், ஒரு கல் பதியும். 12 கல்லில் தரை நிறையும். ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுவார்கள், சூளையில் சுடுவதில்லை. முகத்தில் அந்தப் பளபளப்பு வருவது கண்ணாடியால். அதைக் கொண்டுவர, கல் விழும்போது ஒரு வெளிச்சம் சாய்வாக ஓடும்படி செய்தேன். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஆறு வரி, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. தேவையா என்று கேட்காதீர்கள்.

12இல் இரண்டை நானே பதித்துக் கொடுத்தேன். யோசனை என்னுடையது இல்லை. நூன்ஸ், டிரெஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கார் கழுவும் இடத்தில், கழுவும்போதெல்லாம் ஒரு முத்திரை குத்தும் சலுகை அட்டை கொடுத்துப் பார்த்தார்கள். 8 முத்திரை வேண்டிய வெற்று அட்டையை 19 சதவீதம் பேர் முடித்தார்கள். 10 கேட்டு 2 முன்பே குத்திக் கொடுத்த அட்டையை 34 சதவீதம் பேர். இரண்டிலும் எட்டுத் தடவைதான் கழுவ வேண்டும்! எங்கள் வீட்டிலும் பலித்தது. பெரியப்பாவே ஒரு வளவை முடித்துவிட்டு அடுத்தது எப்போது என்றார்.

மாட்டிக்கொண்டது கோலத்தில். தினமும் வந்தால் கோலத்தில் ஒரு புள்ளி கூடும், ஒரு நாள் தவறினால் அழிந்துவிடும் என்று வைத்திருந்தேன். அப்பத்தா திங்கள் காலை எட்டு மணிக்கு வந்தார், செவ்வாய் விடிகாலை ஐந்துக்கு வந்தார், புதன் மறுபடி எட்டுக்கு. கோலத்தைக் காணோம். இரண்டு நாள் தேடியதில் தெரிந்தது, தேதியை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எடுத்திருக்கிறேன். அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். செவ்வாய் காலை ஐந்து மணி அங்கே திங்கள் இரவு பதினொன்றரை. அப்பத்தாவின் செவ்வாய்க்கிழமையை என் புரோகிராம் விழுங்கிவிட்டது.

போனின் நேரத்துக்கே மாற்றினேன். அழிப்பதையும் எடுத்துவிட்டேன். வீட்டில் துக்கம் என்றால் வாசலில் கோலம் போட மாட்டோம். அதற்கு ஒரு தண்டனையா?

இன்னும் ஒன்று பாக்கி. பதித்த கற்களை பிரவுசரிலேயே சேமிக்கிறேன். சில பிரவுசர்கள் ஏழு நாள் அந்தப் பக்கம் போகாவிட்டால் அதைத் துடைத்துவிடும். சிங்கப்பூர் சித்தியின் வளவு அப்படித்தான் போனது. தரையைத் திரும்பக் கொண்டுவர எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பத்தாவுக்கு அதில் அக்கறை இல்லை. ஓரக் கல்லின் பூ வெளிப்பக்கம் பார்த்திருக்கிறதாம், முதலில் அதைத் திருப்பிப் போடு என்கிறார்.