கை வைக்காத டைம்லைன்

மாணவர்களின் டைம்லைனில், அதாவது எடிட்டிங் மென்பொருளில் படத்தையும் ஒலியையும் அடுக்கி வெட்டுகிற பட்டையில், நான் கை வைப்பதில்லை. என்னிடம் படித்த எல்லோருக்கும் இது தெரியும். பக்கத்தில் உட்காருவேன், கேள்வி கேட்பேன், எந்த இடத்தில் உறுத்துகிறது என்றுகூடச் சொல்வேன். ஆனால் மவுஸ் அவர்கள் கையில்தான் இருக்கும். வெட்டுகிற பழக்கம் அவரவர் விரலில் ஏற வேண்டிய ஒன்று என்று இன்றும் நம்புகிறேன். அப்படி நம்பிக்கொண்டேதான் அந்தக் கொலுசுப் பட்டறைப் படத்தின் கடைசி நான்கு நிமிடங்களைப் பற்றியும் யோசிக்கிறேன்.

எடுத்தவள் மூன்றாம் ஆண்டு மாணவி, வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம். அவள் தெருவில் வீட்டு முன்னறையிலேயே வெள்ளிக் கொலுசு பற்றவைக்கும் பெரியவர் ஒருவரைப் பேசவைத்திருந்தாள். அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். மகன்கள் இருவரும் தொழிலுக்கு வராதது பற்றி அவர் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அதுவரை யாரிடமும் அவர் அதைப் பேசியதில்லை என்றாள். கேட்டபோது எனக்கும் அப்படித்தான் பட்டது.

படம் ஃபோனில், குரல் தனி ரெக்கார்டரில். இரண்டையும் பொருத்துவதற்காகத் தொடக்கத்தில் கிளாப் அடித்திருந்தார்கள், அங்கே எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. பிரச்சினை போகப் போகத்தான் வந்தது. பல ஃபோன்கள் எல்லா வினாடியும் ஒரே எண்ணிக்கையில் ஃப்ரேம், அதாவது தனித்தனிப் படங்கள், எடுப்பதில்லை, வெளிச்சம் குறைந்தால் அதுவும் குறையும். பட்டறையில் வெளிச்சம் எப்படி இருக்கும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எடிட்டிங் மென்பொருள் அதைச் சீரான வேகமாக எடுத்துக்கொள்ளும்போது உதடும் குரலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். இவள் எடுத்தது நீளமான ஒரே ஷாட். கடைசியில் குரல் அரை வினாடி முந்திக்கொண்டு நின்றது. வினாடிக்கு 25 ஃப்ரேம் கணக்கில் 12, 13 ஃப்ரேம். சத்தம் பிந்தி வந்தால் நம் மனம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். தூரத்தில் நடப்பதை அப்படித்தானே எப்போதும் கேட்கிறோம். முந்தி வந்தால் இரண்டு ஃப்ரேமிலேயே உறுத்தும்.

எடிட் செய்வதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு மாறாத ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. வகுப்பில் சொல்லியிருந்தேன். ஆனால் வகுப்பில் கேட்டது திரையிடலுக்கு முந்தின நாள் ராத்திரி யாருக்கு நினைவில் இருக்கும்? அந்த நேரத்தில் மிச்சமிருந்த வழி, பெரியவர் மூச்சு விடுகிற இடங்களில் குரலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு வாக்கியத்தையும் உதட்டோடு திரும்பப் பொருத்தி, இடைவெளியில் பட்டறையின் சத்தத்தை நிரப்புவது. எனக்கு அது பழகிய வேலை. அவளுக்குப் புதிது. முதல் பாதியை எப்படியோ ஒப்பேற்றியிருந்தாள்.

"சார், இந்தக் கடைசிப் பகுதிய மட்டும் நீங்க ஒரு தடவ பண்ணிக் காட்டுங்க சார்."

"முடியலைன்னா முகத்தை விட்டுட்டு அவர் கைக்குப் போயேன். உதடு தெரியலைன்னா யாருக்கும் தெரியாது."

"இல்ல சார். இத சொல்றப்போ அவரு மூஞ்சி தெரியணும்."

இந்தப் பதிலைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். அவள் சொன்னது சரி. கொலுசையும் விரலையும் காட்டி மூடியிருந்தால் அழகாக இருந்திருக்கும், படம் செத்திருக்கும். அதுவரை எந்த ஷாட்டையும் "நல்லா இருக்கா சார்" என்று கேட்டே வைத்தவள், முதன்முதலாக என் யோசனையை மறுத்துத் தன் முடிவைச் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். அந்த நிமிடத்தில் மவுஸை வாங்கினால் அந்த முடிவையும் சேர்த்து வாங்கிக்கொண்டது போலாகிவிடும் என்று தோன்றியது. "அப்போ நீயே பண்ணும்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இப்படி எழுதும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று எனக்கு அசதியும் இருந்தது. எது முதலில் வந்தது, சந்தோஷமா அசதியா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் திரையிடலில் கடைசிப் பகுதி விலகியே ஓடியது. பெரியவர் வாய் மூடியிருக்க, குரல் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிட்டிருந்தது. பின்வரிசையில் ஒருவன் "டேய், டப்பிங் படம்டா" என்றான். அரங்கம் சிரித்தது. அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, வேண்டுமென்று யாரையும் நோகடிக்கிற பிள்ளைகள் இல்லை அவர்கள். ஆனால் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு பெரியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

முடிந்ததும் என்னிடம் வந்தார். "நான் பேசுனதுதான் சரியில்லீங்களா சார்?"

"அய்யோ இல்லீங்க. மிஷின் கோளாறுங்க" என்றேன்.

அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள், ஒன்றும் பேசவில்லை.

நான் சொன்னது பொய் இல்லை. ஃபோன் செய்த வேலைதான் அது. அவர் முன்னால் அவளைக் குற்றவாளியாக நிறுத்தவும் எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் முந்தின ராத்திரி சரிசெய்திருக்கக்கூடிய ஒன்றை மிஷின் தலையில் போட்டேன். அதில் அவளைக் காப்பாற்றியது எவ்வளவு, என்னைக் காப்பாற்றிக்கொண்டது எவ்வளவு?

நான் கற்ற விதத்தை நினைத்தால் இன்னும் குழப்பம்தான். கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் கீபோர்டைத் தொடவே விடமாட்டார். "கைய எடுப்பா" என்பார். மினிடிவி (MiniDV) கேமரா டேப் காலம் அது. ஒரு மணி நேர டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். தாலி கட்டுகிற நொடிக்கு முன்னால் அவர் எங்கே வெட்டுகிறார் என்று பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு வெட்டே புரிந்தது. பிறர் கையைப் பார்த்துக் கற்ற நான், என் கையைப் பார்க்கவிடாமல் ஒரு பாடமுறை வைத்திருக்கிறேன்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைக் கடக்கும்போதும் இதே யோசனை. 1935-இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ. மலையாளத்தின் முதல் பேசும்படம் 1938-இல் அங்கிருந்து வந்தது. படச்சுருளில் வேலை நடந்த காலத்தில் எடிட்டிங் மேசையில் படம் ஒரு சுருள், ஒலி ஒரு சுருள். கிளாப்பை வைத்து இரண்டையும் பொருத்திக் கொடுப்பது உதவியாளரின் வேலை. நடுவில் ஒருவர் விட்டால் இன்னொருவர் பிடித்துக்கொள்ள ஆட்கள் இருந்த இடம் அது. கற்றுக்குட்டியின் தவறு அப்படியே திரைக்குப் போயிருக்காது. என் மாணவியின் தவறு மட்டும் நேராகத் திரைக்குப் போனது, நடுவில் இருந்திருக்க வேண்டியவன் நான்.

மாணவர் படம் என்பது மாணவருக்குப் பயிற்சி. அதில் பேசுகிறவருக்கு அது பயிற்சி இல்லை. அவர் ஒரே ஒரு தடவைதான் வாய் திறக்கிறார். இது எனக்கு முன்பே தெரியாமல் இல்லை, அதை வைத்து எதையும் முடிவு செய்ததில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரமே அவள் கடைசிப் பகுதியைச் சரிசெய்தாள், முழுக்க அவளாகவே. மூச்சுக்கு மூச்சு வெட்டி, ஒரு ஃப்ரேம் பிசகாமல் பொருத்தியிருந்தாள். பெரியவர் முகம் கடைசிவரை திரையில் இருந்தது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். "அதான் பார்த்துட்டேனே கண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைத் தொடர்ந்தாராம்.

போன பருவத்தில் விதியை மீறினேன். ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் தன் அம்மாவை ஒரு மாணவன் படமெடுத்திருந்தான். பழம் பறிக்கிற இடத்தில் அம்மாவின் பேச்சைக் காற்று விழுங்கியிருந்தது. மவுஸை வாங்கி நானே சரிசெய்து கொடுத்தேன். திரையிடல் நன்றாகப் போனது, அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த படத்துக்கு அதே மாணவன் வந்து உட்காரும் முன்னரே மவுஸை என் பக்கம் நகர்த்தி வைத்தான். அந்த அம்மாவுக்குச் செய்தது சரி என்றே நினைக்கிறேன். அவனுக்குச் செய்ததை அப்படிச் சொல்ல முடியவில்லை.

கொலுசுப் படம் எடுத்தவள் இப்போது எடிட்டராக வேலை பார்க்கிறாள். சமீபத்தில் ஃபோனில் பேசும்போது, அந்த ராத்திரி நான் உதவாமல் போனது பற்றி அவளிடம் நானாகவே கேட்டேன்.

"அது பரவால்ல சார். பெரியப்பாகிட்ட மிஷின் கோளாறுன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கல. நான் சரியா பண்ணலைன்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா அவர் உன்னை என்ன நினைச்சிருப்பார்?"

"திட்டியிருப்பார் சார். அப்புறம் சரி பண்ணதைப் பார்த்திருப்பார்."