வேட்டித் துணியில ஒரு ஸ்டுடியோ லைட்டு

ஜூன் 9, 2024, ஞாயிறு

காலையில நம்ம ஸ்டுடியோவுக்கு ஒரு அம்மா பொண்ண கூட்டிட்டு வந்தாங்க, பேங்க் எக்ஸாமுக்கு போட்டோ வேணும்னு. எடுத்து ஸ்க்ரீன்ல காட்டினதும் "முகம் ஏன் தம்பி சாம்பல் பூத்த மாதிரி இருக்கு, கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க"ன்னாங்க. ஏத்திக் குடுத்துட்டேன். ஆனா மனசு ஆறல. அந்தப் பொண்ணு நல்ல கருப்பு, வாசல்ல வெயில்ல நிக்கும்போது கன்னத்துல செம்பு மாதிரி ஒரு நிறம் ஓடுச்சு, நானே பாத்தேன், என் போட்டோல அது எங்க போச்சு?

சாயங்காலம் ட்யூப்லைட் அட்டைய தேடி எடுத்துப் பாத்தேன். 6500 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெள்ளை, சிஆர்ஐ 80. இந்த சிஆர்ஐங்கறது ஒரு லைட்டுல நிறமெல்லாம் எவ்வளவு அசலா தெரியுதுன்னு சொல்ற நம்பர், நூறுதான் முழுசு, எட்டு வெளிர் நிறங்கள வச்சு எடுக்குற சராசரி, அதுல அடர் சிவப்பு வரவே வராது, அதுக்கு ஆர்9னு தனி நம்பர். மட்டமான எல்இடில அந்த ஆர்9 அதல பாதாளத்துல இருக்கும். நம்ம ஊரு தோலுக்கு உயிரே அந்தச் சிவப்புதான், அது இல்லாத வெளிச்சத்துல கருப்புத் தோல் செத்துப்போய் தெரியுது. பிரைட்னெஸ் ஏத்தி ஏத்தி இத்தன வருஷம் மூடி மறைச்சிருக்கோம். லைட்ட மாத்தணும், கம்பெனி லைட்டு வாங்க காசு இல்ல, அதனால நானே செய்யப் போறேன்.

ஜூன் 12, புதன்

சென்னையில எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிற ரிச்சி தெருவுலேர்ந்து பார்சல் வந்துருச்சு. 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் 5 மீட்டர், சிஆர்ஐ 95, மீட்டருக்கு 12 வாட், ஆக மொத்தம் 60 வாட், 5 ஆம்பியர். வீட்டுக் கரண்ட்ட 12 வோல்ட்டா மாத்துற எஸ்எம்பிஎஸ் டப்பா மட்டும் 10 ஆம்பியர்ல வாங்கிட்டேன், பாதி லோடுல ஓடினா சூடாகாம நிதானமா ஓடும்.

ஜூன் 15, சனி

கடைய எட்டு மணிக்கே சாத்திட்டு உக்காந்தேன். 5 மீட்டரையும் ஒரே நீளமா ஒரு முனையில கரண்ட் குடுத்தா கடைசில போகப்போக மங்கிடும், அதனால அரை மீட்டர் அரை மீட்டரா பத்து துண்டு (மூணு எல்இடிக்கு ஒரு தடவை வெட்டுற கோடு போட்டிருப்பான், அந்த எடத்துலதான் வெட்டணும்), ரெண்டடி சதுர அலுமினியத் தகட்டுல ரெண்டு இஞ்சுக்கு ஒரு வரிசையா ஒட்டி எல்லாத்தையும் பேரலல்ல சால்டர் வச்சேன். தகடுதான் சூட்ட இழுக்கும், அட்டையில ஒட்டினா எல்இடி சீக்கிரம் போயிரும்.

பத்தரைக்கு ஆன் பண்ணிட்டு எஸ்எம்பிஎஸ் டப்பாவத் தொட்டேன், விரல்ல ஜிவ்வுன்னு ஏறுச்சு. பழைய ரெண்டு பின் வயர் போட்டிருந்தேன், எர்த் இல்ல. உடனே புடுங்கிட்டு மூணு பின் பிளக் மாத்தி எர்த்த டப்பாவோட ஸ்க்ரூல முறுக்கினதும் சரியாயிருச்சு. இத செய்ய நெனைக்கிறவங்க யாரா இருந்தாலும் முதல்ல எர்த்த குடுங்க, மத்ததெல்லாம் அப்பறம்.

ஜூன் 16, ஞாயிறு

இன்னிக்குத்தான் நெசமான வேலை. மூணடி சதுரத்துக்கு பிவிசி பைப்புல ஃபிரேம், தகட்டுலேர்ந்து ஒரு அடி முன்னாடி, நாலு பக்கமும் வெள்ளை சன்போர்டு அட்டை. முகப்புக்கு பட்டர் பேப்பர் கட்டிப் பாத்தேன், காத்துக்கு சலசலங்குது, மடிப்பு விழுந்தா அந்தக் கோடு போகவே மாட்டேங்குது. எங்கம்மாதான் தாத்தாவோட எட்டு முழ வேட்டிய எடுத்துக் குடுத்தாங்க. வருஷக்கணக்கா துவைச்சு மெத்துன்னு ஆன துணி. நீலம் போட்ட வாசனை இருந்துச்சு, அந்த நீலம் லைட்டோட நிறத்தக் கெடுக்கும்னு ரெண்டு தண்ணில அலசிக் காயவச்சு இழுத்துக் கட்டினேன். முதல்ல நாலு இஞ்சுல துணிய வச்சப்ப ஒவ்வொரு எல்இடியும் புள்ளி புள்ளியா தெரிஞ்சுச்சு, ஒரு அடி தள்ளினதும் முழு சதுரமும் பால் ஊத்தின மாதிரி ஒரே வெளிச்சம்.

துணி சாதாரண விஷயமில்ல. 1956ல வந்த சத்யஜித் ரேயோட அபராஜிதோ படத்துக்கு காசி வீட்டு முற்றத்த ஸ்டுடியோக்குள்ள செட்டா போட்டு, மேல வெள்ளைத் துணிய இழுத்துக் கட்டி அதுல லைட்ட அடிச்சு எதிரொளியில எடுத்தார் கேமராமேன் சுப்ரதா மித்ரா, பாக்கறவங்களுக்கு அது வானத்து வெளிச்சமாவே தெரிஞ்சுது. வாட் ஏத்தினா வெளிச்சம் மிருதுவாகாது, போட்டோவுக்கு உக்கார்ற ஆளுக்கு லைட்டு எவ்வளவு பெருசா தெரியுதோ அவ்வளவுதான் மிருது.

ஸ்டாண்டுக்கு பெயிண்ட் வாளில சிமெண்டு ரொப்பி ஜிஐ பைப்ப நட்டுட்டேன். ரெண்டு நாள் காயணும்.

ஜூன் 19, புதன்

லைட்டு கொஞ்சம் தூக்கலா இருக்கேன்னு ஒரு டிம்மர் வாங்கி மாட்டினேன், போட்டோல குறுக்க குறுக்க கருப்புப் பட்டை. ஏறி எறங்காத நேர் கரண்ட்தானே (டிசி), ஏன் வருதுன்னு ஒரு மணி நேரம் மண்டை காஞ்சேன். இந்த மலிவு டிம்மர் வெளிச்சத்தக் கொறைக்கறதே வேகமா அணைச்சு அணைச்சு ஏத்தித்தான், கண்ணுக்குத் தெரியாது, ஷட்டர் 1/250 செகண்ட்ல கேமராவுக்குத் தெரியுது. கழட்டிட்டேன். லைட்ட பின்னாடி தள்ளினா மிருது போயிரும், அதனால ஒண்ணு விட்டு ஒண்ணா அஞ்சஞ்சு வரிசைக்கு ரெண்டு ஸ்விட்ச் போட்டாச்சு, ஒண்ண அணைச்சா சரியா ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் கொறையும்.

ஜூன் 23, ஞாயிறு

அந்த அம்மாவுக்கு ஃபோன் பண்ணி காசு வேண்டாம், பொண்ண இன்னொரு தடவை கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேன். லைட்டு முகத்துலேர்ந்து மூணடில, எதிர்ப் பக்கம் வெளிச்சத்த திருப்பி அடிக்க தெர்மோகோல், பின்னாடி சுவருக்கு தனியா எதுவும் இல்ல. இந்த லைட்டுல வெள்ளை எதுன்னு கேமராவுக்குக் காட்டி வொய்ட் பேலன்ஸ் எடுத்துட்டு ரெண்டே ஷாட். வந்துருச்சு. அந்தச் செம்பு நிறம் கன்னத்துலயும் மூக்கு ஓரத்துலயும் அப்படியே இருக்கு, கண்ணுல வேட்டி சதுரமா வெள்ளையா மின்னுது.

அந்த அம்மா ரொம்ப நேரம் பிரிண்ட்ட பாத்தாங்க. "இன்னும் கொஞ்சம் வெளுப்பா குடுக்கலாமே தம்பி"ன்னாங்க. பொண்ணு சொல்லுச்சு, "வேணாம்மா, இதுதான் நான்". ஆறு காப்பி வெட்டிக் குடுத்தேன்.

வேட்டில பாதி இன்னும் மிச்சம் இருக்கு. ஆடி பொறக்கறதுக்குள்ள ரெண்டாவது லைட்டுக்கு தகடு வெட்டச் சொல்லணும்.