ஒட்டினது ஒட்டினபடி

மார்ச் 4

லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) செல்களின் மேலுள்ள சிடி79பி புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியில், செல்லைக் கொல்லும் மருந்தான எம்எம்ஏஇ ஏற்றிய தொகுதி இன்று கைக்கு வந்தது. இலக்கு ஒன்றும் புதிதில்லை. அதே இலக்கும் அதே மருந்தும் கொண்ட போலாடுசுமாப் வெடோட்டின் 2019-லேயே லிம்ஃபோமாவுக்கு அனுமதி பெற்றுவிட்டது. நாங்கள் குடைவது ஆன்டிபாடியையும் மருந்தையும் இணைக்கும் நடுக் கண்ணியான லிங்கரை.

ஆன்டிபாடியின் சங்கிலிகளை இணைக்கும் நாலு டைசல்ஃபைடுகளை (கந்தகப் பிணைப்புகளை)த் திறந்தால் மருந்து ஒட்ட எட்டு இடம். வேண்டியது ஓர் ஆன்டிபாடிக்குச் சராசரி நாலு மருந்து. ஏறிய மருந்தின் எண்ணிக்கைப்படி பிரித்துக்காட்டும் ஹெச்ஐசியில் ஓடவிட்டால் 0, 2, 4, 6, 8 என்று ஐந்து குன்றுகள். சராசரி 3.9 என்று ஏட்டில் எழுதினேன். மனசு மட்டும் எட்டாம் குன்றிலேயே நிற்கிறது. எட்டு ஏற்றியது ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், ரத்தத்திலிருந்து சீக்கிரம் காணாமல் போகும். எலிகளில் அது நாலு ஏற்றியதைவிடக் கட்டியை அதிகம் கரைக்கவுமில்லை என்று 2004-லேயே காட்டிவிட்டார்கள்.

மார்ச் 5

மனித பிளாஸ்மாவில் கலந்து 37 டிகிரியில் வைத்தாயிற்று. ஏழு நாள்.

மார்ச் 12

பயந்ததுதான். கால்வாசிக்கு மேல் மருந்து ஆன்டிபாடியில் இல்லை. எங்கே போனது என்று மூலக்கூறுகளின் எடை பார்க்கும் மாஸ் ஸ்பெக்கில் தேடினால், ஜம்மென்று ரத்தப் புரதமான ஆல்புமின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

லிங்கரின் நுனியிலுள்ள மேலிமைடு வளையம் ஆன்டிபாடியின் தயாலை (கந்தகமுள்ள தொகுதியை)ப் பிடித்த பிடி நிரந்தரமில்லை, மெல்ல அவிழும். அவிழ்ந்தது அருகில் கிடைக்கும் வேறொரு தயாலைப் பற்றிக்கொள்ளும். ஆல்புமினில் 34-ஆம் இடத்திலுள்ள சிஸ்டைன் அமினோ அமிலத்தின் தயால் அதற்கென்றே காத்திருப்பதுபோல் இருக்கிறது. பிளாஸ்மாவில் ஆல்புமினுக்கா பஞ்சம்? ஆல்புமினுக்கு லிம்ஃபோமா எது, நல்ல திசு எது என்று தெரியாது. மருந்தைச் சுமந்துகொண்டு உடம்பெல்லாம் சுற்றும்.

மார்ச் 16, ஞாயிறு

வேலை இல்லை, யோசனை மட்டும். இந்த வகை மருந்தை 'ஏவுகணை' என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. செலுத்துவதில் மிகச் சிறு பங்குதான் கட்டிக்குப் போய்ச் சேர்கிறது. மீதி?

எம்எம்ஏஇ செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களைக் குலைக்கும். பிரியும் செல்லுக்கு அது சாவு. ஆனால் நரம்பு செல்லும் தன் நீண்ட வாலில் சரக்கு அனுப்புவது அதே நுண்குழல்களின் மேல்தான். 2011-ல் வந்த பிரென்டுக்சிமாப் வெடோட்டின் ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்குப் பெரிய விடிவு. கூடவே பலருக்கு விரல்கள் மரத்துப்போயின, சட்டைப் பொத்தான் போடுவதுகூடச் சிரமமானது. கழன்ற மருந்து மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், ஆன்டிபாடியோடு சேர்த்தே விழுங்கும் நல்ல செல்களும் உண்டு. ஆனாலும் கழல்வதை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது.

மார்ச் 21

புது லிங்கர். மேலிமைடுக்குப் பக்கத்திலேயே ஓர் அமைன். ஒட்டி முடித்ததும் அதுவே தண்ணீரை இழுத்து வளையத்தைத் திறந்துவிடுகிறது. திறந்த வளையம் பின்னோக்கி அவிழாது. பழைய லிங்கரின் வளையத்தையும் காரத்தில் ஊறவைத்துத் திறக்கலாம். அதற்குள் ஆன்டிபாடியின் ஆஸ்பராஜின் அமினோ அமிலங்கள் கெட்டுவிடும்.

மாஸ் ஸ்பெக்கில் ஒவ்வொரு மருந்துக்கும் 18 டால்டன் கூடியிருந்தது. ஒரு தண்ணீர் மூலக்கூறு! அந்த 18-ஐப் பார்த்த சந்தோஷத்தில் பத்து நிமிஷம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 29

மனித பிளாஸ்மாவில் ஏழு நாள் கழித்தும் ஆல்புமின் மேல் ஒன்றுமில்லை. ஆனால் காலையில் ஆய்வகத்தின் இளையவள் எலி பிளாஸ்மாவின் முடிவோடு ஓடி வந்தாள்: "அக்கா, இதுல எல்லாம் போயிடுச்சு!"

மேலிமைடு முனையைப் பார்க்கச் சொன்னேன். ஆன்டிபாடியில் அப்படியே இருந்தது. அறுந்தது மறுமுனை. அங்கே லிங்கரிலுள்ள வேலின்-சிட்ருலின் துண்டை செல்லுக்குள் கெதெப்சின் என்ற நொதி வெட்டி மருந்தை விடுவிக்கவேண்டும் என்பதுதான் திட்டம். எலியின் பிளாஸ்மாவிலோ கார்பாக்சில்எஸ்டரேஸ் நொதி ஒன்று முந்திக்கொண்டு வெட்டுகிறது. மனித பிளாஸ்மாவில் அது இல்லை. துண்டுக்கு முன்னால் ஒரு குளூட்டமிக் அமிலம் சேர்த்தால் அதன் பல் பதியாது.

"அப்ப மனுஷங்களுக்குப் பிரச்சினை இல்லைதானே?" என்றாள். இருக்கிறது. நம் வெள்ளணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில்களின் எலாஸ்டேஸ் நொதியும் இதே துண்டை வெட்டும். வெள்ளணு குறைவதில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

திங்கட்கிழமை எலாஸ்டேஸ் சோதனை. பழைய லிங்கர், புதியது, குளூட்டமிக் சேர்த்தது மூன்றும் ஒரே நாளில். குழாய்களில் பெயர் எழுதி ஃப்ரீசரில் வைத்துவிட்டாள்.