அறுபது வரவேண்டிய இடத்தில் நூற்றிருபது

ஐப்பசி மழையில் நாலு நாள் வண்டியை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டு முழுக்க தீபாவளி. ஏபிஎஸ் (திடீரென்று பிரேக் போட்டால் சக்கரம் இறுகிவிடாமல் பார்த்துக்கொள்வது) விளக்கு, ஸ்டீயரிங் விளக்கு, ஹேண்ட்பிரேக் விளக்கு எதுவும் அணையவில்லை. ஓட்டினால் ஸ்பீடாமீட்டர் முள் அசையவே இல்லை. ஸ்டீயரிங்கோ ஆட்டுக்கல் குழவி மாதிரி கனத்தது.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் செருகிப் பத்தே நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள்: கோளாறுக் கோடு (code) யு0121, ஏபிஎஸ் மாட்யூல், அதாவது அதை இயக்கும் எலெக்ட்ரானிக் பெட்டி, போயிடுச்சு, மாற்ற 52,000 ரூபாய். பழைய மாட்யூல் வாங்கிப் போடலாமா என்றேன். கம்பெனி சாஃப்ட்வேரில் கோடிங் செய்தால்தான் வண்டி ஏற்குமாம். பழையதுக்கு அவர்கள் செய்வதில்லையாம். ஸ்கேன் செய்ததற்கு மட்டும் ஜிஎஸ்டியோடு 1,180 வாங்கிக்கொண்டார்கள். அப்பாவின் அம்பாசடர் நின்றுபோனால் இக்னிஷன் பாயின்டை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அந்த வண்டிக்கு ஏபிஎஸ் கிடையாது என்பதும் உண்மைதான்.

மனசு கேட்காமல் எங்கள் தெருமுனை ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனேன். அந்தக் கோடு நம்பரைக் கேட்டதும் சிரித்தார். "சார், மாட்யூல் பேசலைன்னுதான் அந்தக் கோடு சொல்லுது. செத்துப்போச்சுன்னு சொல்லலையே."

பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டில் 6, 14ஆம் பின்களில் மல்டிமீட்டரை வைத்தார். வண்டியின் மாட்யூல்கள் பேசிக்கொள்வது முறுக்கிய இரண்டு வயர்கள் வழியாக. கேன் லைன் என்பார்கள். அதன் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் உண்டு. சேர்த்து அளந்தால் 60 காட்டவேண்டும். எனக்கு 120. ஒரு முனை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வண்டியில் அந்த முனை ஏபிஎஸ் மாட்யூலுக்குள் இருக்கிறது. சக்கரங்களின் வேகத்தை எண்ணிச் சொல்வதும் அதுதான். அது வாயைத் திறக்காவிட்டால் ஸ்பீடாமீட்டருக்கு எண் இல்லை. வேகம் தெரியாத ஸ்டீயரிங் தன் மோட்டார் உதவியைக் குறைத்துக்கொள்கிறது.

கண்டுபிடிக்க ஐந்து நிமிடம், தேட இரண்டு மணி நேரம். பேட்டரி டிரேயைத் தூக்கினால் தேங்காய் நாரும் வேப்பிலையுமாக எலிக் கூடு. பக்கத்தில் ஒரே ஒரு வயர், பிளேடால் நறுக்கினமாதிரி. பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு, பழையபடி இரண்டையும் முறுக்கிவிட்டார். முறுக்கு விட்டுப்போனால் இரைச்சல் புகுந்துவிடுமாம். மறுபடி அளந்தார். 60.

ஏபிஎஸ் விளக்கு அணைந்தது, ஸ்டீயரிங் விளக்கு மட்டும் அடம்பிடித்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஸ்டீயரிங்கை ஒருமுறை முழுசாகத் திருப்பச் சொன்னார். அதுவும் போனது. கூலி 900.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், பேட்டரியைக் கழற்றியதில் டிரைவர் பக்கக் கண்ணாடி ஒரே அழுத்தில் ஏறுவதை மறந்துவிட்டது. மேலே ஏற்றி சுவிட்சைச் சில விநாடி பிடித்தபடியே இருந்தால் மறுபடி கற்றுக்கொள்ளும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. மூன்று தடவை முயன்றுவிட்டேன், இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. இப்போதைக்கு, எலி மறுபடி கூடு கட்டாமலிருக்க, ராத்திரியில் பானெட்டைத் திறந்துவைத்துவிட்டுத்தான் தூங்கப்போகிறேன்.