சொந்தமாக கார் பாலிஷ்: ஐந்து வாரமும் ஒரு பொசுங்கிய பம்பரும்

என் வண்டியின் முன் பம்பரில், வலது ஓரத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சாம்பல் நிறம் தெரியும். சொன்னால்தான் மற்றவர்கள் கவனிப்பார்கள். எனக்கோ வண்டியை நெருங்கும்போதே கண் நேராக அங்கேதான் போகிறது. செகண்ட் ஹேண்ட் காருக்கு வீட்டிலேயே பாலிஷ் போட்டுவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், மற்றதைப் படிக்காவிட்டாலும் அந்தக் காசின் கதையை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

வண்டி 2013 மாடல் ஸ்விஃப்ட், கறுப்பு. ஆர்.சி. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் சொன்ன நாளில் முடிந்தது. எஞ்சினிலும் குறை இல்லை. பெயிண்ட்தான் பிரச்சினை. கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் ஒரு நிறம் வருமே, அந்த நிறம். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல். கதவுகளின் கீழ்ப்பாதியில் போர் தண்ணீர் காய்ந்த உப்புப் புள்ளிகள். கூரையில் காக்கை எச்சம் அரித்த தடம் மூன்று.

டீடெய்லிங் கடையில் கேட்டதற்கு, பாலிஷும் செராமிக் கோட்டிங்கும் சேர்த்து 22,000 என்றார்கள். பாலிஷ் மட்டும் போதும் என்றேன். "கோட்டிங் இல்லாம பண்றதில்ல சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். அந்த ரோஷத்தில் ஆரம்பித்ததுதான் இது.

ஆரம்பித்த நேரமும் சரியில்லை. கத்திரி வெயில். மடிப்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் என் இடத்துக்கு மட்டும் மேலே கூரை கிடையாது. காலை ஒன்பது மணிக்கே பானெட்டில் கை வைக்க முடியாது.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். கார் சாமான் என்றால் சென்னையில் கால் தானாக அங்கேதான் போகும். நான் தேடிப் போன கடைகள் எல்லாம் ஷட்டர் போட்டிருந்தன. திறந்திருந்த ஒரே கடையில் "பாலிஷ் வேணுமா, வேக்ஸ் வேணுமா?" என்று கேட்டார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. டப்பாவில் பளபளவென்று கார் படம் போட்டிருந்ததை வாங்கி வந்தேன். அது வேக்ஸ். கீறலை அது எடுக்காது, மேலே ஒரு படலமாக உட்கார்ந்து கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான். கீறலைச் சுற்றியிருக்கும் பெயிண்டைத் துளித்துளியாகத் தேய்த்து மட்டமாக்குவது ரப்பிங் கம்பவுண்டு. அந்தத் தேய்ப்பின் மங்கலை எடுப்பது பாலிஷ். அதற்கெல்லாம் பிறகு, பாதுகாப்புக்குப் போடுவதுதான் வேக்ஸ். ஒரு ஞாயிறும் 650 ரூபாயும் செலவழித்துக் கற்றுக்கொண்ட வரிசை இது.

இனி காசின் கதை.

மச்சானிடம் ஆங்கிள் கிரைண்டர் ஒன்று இருந்தது. வெல்டிங் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள், இரும்பு அறுக்கிற நாலு அங்குல மெஷின். பிளேடைக் கழற்றிவிட்டு ஃபோம் பேடு மாட்டினால் பாலிஷ் மெஷின் ஆகிவிடும் என்று அவரும் சொன்னார், நானும் நம்பினேன். அதன் வேகம் நிமிடத்துக்கு 11,000 சுற்று. பாலிஷுக்கென்றே செய்த ரோட்டரி மெஷின்களே 3,000 அல்லது அதைச் சற்று ஒட்டித்தான் போகும், அதையும் பழகிய கைகள் குறைத்து வைத்துத்தான் ஓட்டுகின்றன. இந்த ஒப்பீடு எனக்குத் தெரிந்தது பிற்பாடு.

முதலில் ஓரிடத்தில் சோதித்துப் பார் என்று எல்லோரும் சொல்கிறார்களே, நானும் சோதித்தேன். தேர்ந்தெடுத்த இடம் பம்பரின் ஓரம். பிளாஸ்டிக்தானே, போனால் போகட்டும் என்ற கணக்கு. உண்மையில் வண்டியிலேயே சோதனைக்கு லாயக்கில்லாத இடம் அதுதான். தகடு சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பரப்பாது, வந்த சூடு வந்த இடத்திலேயே நிற்கும். ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் எப்போதுமே மெலிசாகத்தான் படிந்திருக்கும். ஸ்விட்சைத் தட்டியதும் கம்பவுண்டு பாதி என் சட்டையிலும் மீதி சுவரிலும் தெறித்தது. நாலைந்து நொடி இருக்கும். ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை. துணியால் துடைத்தேன். கறுப்புக்கு நடுவே வழுவழுவென்று ஒரு சாம்பல் வட்டம். அழுக்கு என்று நினைத்து எச்சில் தொட்டுக்கூடத் தேய்த்துப் பார்த்தேன். பெயிண்டுக்கு அடியில் பூசுகிற பிரைமர்.

மேலே இருக்கிற க்ளியர் கோட், அந்தக் கண்ணாடி மாதிரியான படலம், பொதுவாக நாற்பது ஐம்பது மைக்ரான் கனம்தான் இருக்கும். ஒரு தலைமுடியே சுமார் எழுபது. பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் அதிலிருந்துதான் ஒன்றிரண்டு மைக்ரான் செலவாகிறது. திரும்ப வராது. இது தெரிந்த பிறகு கிரைண்டரை மச்சானிடம் கொடுத்துவிட்டு, ஐயாயிரத்துச் சொச்சம் போட்டு டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர் வாங்கினேன். அது சுற்றிக்கொண்டே ஆடும், அழுத்தம் கூடினால் சுற்றுவதை நிறுத்திவிடும். புதுக்கைக்கு அந்த நிறுத்தம்தான் காப்பு. பேடு மாட்டுகிற தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். சுற்றுகிறதா, சும்மா அதிர்கிறதா என்று அந்தக் கோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கழுவியதும் களிமண் போட்டதும் ஒரு சனிக்கிழமை காலையில் முடிந்தது. களிமண் என்றால் க்ளே பார், ஷாம்பூ தண்ணீர் வழுக்கலில் மெதுவாக இழுத்தால் ஒட்டியிருக்கிற சொரசொரப்பை எடுத்துவிடும். எடுத்ததா என்று பார்க்க ஒரு வழி: தடை போட்ட பிறகும் எங்கள் காய்கறிக் கடையில் மட்டும் எப்படியோ தீராத மெல்லிய கவர் இருக்கிறதே, அதற்குள் கையை விட்டுப் பெயிண்ட் மேல் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத மணல் எல்லாம் தெரியும். க்ளே கட்டி கீழே விழுந்தால் குப்பையில் போடுங்கள், கழுவி மறுபடி எடுக்காதீர்கள். நான் 400 ரூபாயை அப்படித்தான் போட்டேன், வயிறு எரிந்தது.

உப்புப் புள்ளிக்கு வெள்ளை வினிகரைச் சரிபாதி தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி, உடனே கழுவிவிட்டேன். பாதி போயிற்று. பெயிண்டையே அரித்திருந்த மீதி, கம்பவுண்டுக்குத்தான் அசைந்தது. புள்ளிகளுக்குக் காரணம் எங்கள் பிளாக்கிலேயே இருந்தது. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று டிரம்மில் பிடித்து அதில்தான் எல்லா வண்டியையும் கழுவுகிறோம். நல்ல எண்ணம்தான், ஆனால் போர் தண்ணீரின் உப்பெல்லாம் சுண்டி நிற்பது அந்த டிரம்மில். இப்போது நான் கடைசி அலசலுக்கு ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைக்கிறேன். அதில் உப்பே கிடையாது, காய்ந்தால் புள்ளியும் விழாது. சென்னைப் புழுக்கத்தில் ஒரு ராத்திரிக்கு முக்கால் பக்கெட் சேர்ந்துவிடுகிறது.

மெஷினை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி பார்க்கிங் பிளக்கில் சொருகினேன். பத்தாவது நிமிடம் அசோசியேஷன் செயலாளர் வந்து நின்றார்.

"சார், இது காமன் மீட்டர். இதுல நூறு யூனிட் ஃப்ரீ எல்லாம் கிடையாது."

"அரை மணி நேரம்தான் சார், காசு வேணா கொடுத்துடறேன்."

"இன்னிக்கு நீங்க பாலிஷ் போடுவீங்க, நாளைக்கு ஒருத்தர் வண்டியையே சார்ஜ் போடுவார்."

அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டாம் மாடிப் பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இறக்கினேன். மெலிசான வயர், இருபது நிமிடத்தில் சூடாகிவிட்டது. தடித்த வயர் வாங்க அன்று மாலை மறுபடி கடை. ஒரு சனிக்கிழமை இப்படிப் போயிற்று.

அடுத்த நாள் எட்டரை மணிக்கே தகடு சூடேறி, கம்பவுண்டு தேய்க்கத் தேய்க்கப் பொடியாக உதிர்ந்தது. அதற்குப் பிறகு மெஷின் வேலையெல்லாம் விடியற்காலை ஐந்தரையிலிருந்து ஏழரைவரைதான். இரண்டு வாரத்தில் முடிய வேண்டியது ஐந்து வாரம் இழுத்ததற்குப் பாதிக் காரணம் இந்த இரண்டு மணி நேரக் கணக்கு.

முறை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டடிக்கு இரண்டடி எடுத்துக்கொண்டு, பேடில் பட்டாணி அளவுக்கு நாலு சொட்டு கம்பவுண்டு. குறைந்த வேகத்தில் பரப்பி, மெஷினின் வேகத்தை நாலிலோ ஐந்திலோ வைத்து, முதலில் குறுக்காக, அப்புறம் நெடுக்காக, ஆமை வேகத்தில் நாலைந்து தடவை. துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்ப்பது. நகம் மாட்டுகிற அளவுக்கு ஆழமான கீறல் இதில் போகாது, போக வைக்க முயலவும் வேண்டாம். கதவு மடிப்பு, பானெட் விளிம்பு எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டேன். வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கை மட்டும் மறந்தேன். அதில் கம்பவுண்டு பட்டுக் காய்ந்தால் வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும். பழைய பல் பிரஷ்ஷை வைத்து ஒரு மணி நேரம் தேய்த்தும் இன்னும் லேசாகத் தெரிகிறது.

இடது பின் கதவுக்கு வந்தபோது உயிர் போய்விட்டது. வெள்ளை ஃபோம் பேடு கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. க்ளியர் கோட் இருக்கிற வண்டியில் பேடில் நிறம் ஏறினால் க்ளியர் தீர்ந்து பெயிண்டுக்கே போய்விட்டோம் என்று அர்த்தம். பம்பர் ஞாபகம் வந்து கை நடுங்கியது. அப்படியே டேப்போடு வண்டியை ஓட்டிக்கொண்டு, நாலு தெரு தள்ளியிருக்கும் டிங்கர் பட்டறைக்குப் போனேன். அங்கே பெயிண்டர் அண்ணன் பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கதவுக் கண்ணாடியின் ரப்பரைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். ரப்பரின் உள் விளிம்பில் கறுப்புப் பெயிண்ட் தெறித்த துகள்.

"இது கம்பெனி பெயிண்ட் இல்ல தம்பி. அடிபட்டு, பட்டி போட்டு, மேல வெறும் கறுப்பு அடிச்சிருக்காங்க. க்ளியரே கிடையாது. தேச்சா கலர் வரத்தான் செய்யும்."

பிறகு ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு காந்தத்தைக் கதவின் மேல்பாதியில் வைத்தார், ஒட்டியது. கீழே நகர்த்தினார், வழுக்கி விழுந்தது. அந்த இடத்தில் பட்டி அவ்வளவு கனம். அதாவது கதவுக்கு நான் ஒன்றும் ஆபத்து செய்யவில்லை. ஆனால் விற்றவர் "ஒரு கீறல்கூடப் படாத வண்டி" என்று அடித்துச் சொன்னது நினைவுக்கு வந்தது. வாங்கும்போது பையில் ஒரு காந்தம் இருந்திருந்தால் விலையில் பத்தாயிரமாவது குறைத்திருப்பேன். நீங்கள் வண்டி பார்க்கப் போனால் எடுத்துக்கொண்டு போங்கள், துணி சுற்றி, கீறல் விழாமல்.

பம்பருக்கு என்ன செய்யலாம் என்று அவரிடமே கேட்டேன். முழு பம்பருக்கும் அடிக்க மூவாயிரத்தைந்நூறு சொன்னார். நான் டச்-அப் பாட்டில் போதும் என்று கடையில் "கறுப்பு" என்று மட்டும் கேட்டு வாங்கிவிட்டேன். கறுப்பிலும் வகை உண்டு, என் வண்டியுடையது லேசாக மினுக்கும், வாங்கியது தார் மாதிரி. வைத்துப் பார்த்தால் காசு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. தின்னர் தொட்டு எடுத்துவிட்டேன். வண்டியில் கலரின் குறியீடு எழுதிய தகடு இருக்கும், அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போக வேண்டும். நான் இன்னும் போகவில்லை.

மற்ற பேனல்கள் ஒவ்வொன்றும் ஒரு காலை வீதம் முடிந்தன. காக்கைத் தடங்களில் ஒன்று அப்படியே இருக்கிறது, அதைத் துரத்திக்கொண்டு போனால் கூரையிலும் காசு விழும் என்று விட்டுவிட்டேன். மெஷின் தவிர பேடு, கம்பவுண்டு, டேப், துணி, வயர் எல்லாம் சேர்த்து நாலாயிரம் ஆகியிருக்கும். அந்த 650 ரூபாய் வேக்ஸும் கடைசியில் உதவியது.

ஐந்தாவது ஞாயிறு ராத்திரி வேக்ஸ் துடைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, பானெட்டில் தெருவிளக்கு முழுசாகத் தெரிந்தது. முன்பெல்லாம் ஒரு வெளிச்சக் கலங்கல்தான் தெரியும். இப்போது பல்பு, அதைச் சுற்றிய பூச்சிகள், கம்பத்தில் தொங்கிய கேபிள் வயர்வரை எண்ண முடிந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். பால்கனியிலிருந்தே எட்டிப் பார்த்து, "நல்லாத்தாங்க இருக்கு, மேல வந்து குளிங்க" என்றாள். செயலாளர்கூட நின்று பார்த்துவிட்டு, எவ்வளவு ஆச்சு என்று கேட்டார்.

ஒரே ஒரு ஆளிடம் சொல்ல மறந்துவிட்டேன். மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு எங்கள் பிளாக்கில் வண்டி துடைக்க வருபவர். பன்னிரண்டு வண்டிக்கும் ஒரே பக்கெட், ஒரே துணி. பானெட்டில் அந்தச் சிலந்தி வலை எங்கிருந்து வந்திருக்கும் என்று இந்த ஐந்து வாரத்தில் எனக்கு நன்றாகவே புரிந்திருந்தது. வேலை நடந்த நாட்களில் டேப் ஒட்டியிருந்ததால் அவர் என் வண்டியைத் தொடவில்லை, அதனால் நினைப்பே வரவில்லை. திங்கட்கிழமை காலை பக்கெட் சத்தம் கேட்டு லுங்கியோடு ஓடினேன். துணியைப் பிழிந்துகொண்டு சிரித்தார்.

"வண்டி சூப்பரா இருக்கு சார். அதான் இன்னிக்கு நல்லா அழுத்தித் தொடச்சிருக்கேன்."

டார்ச் அடித்துப் பார்த்தேன். பானெட்டின் நடுவில் நாலு புது வட்டம். ஐந்நூறு ரூபாய் இப்போதும் கொடுக்கிறேன், டயரும் கண்ணாடியும் மட்டும் துடைக்கிறார்.