ஒரு உழவு மழை என்றால் எத்தனை மில்லிமீட்டர்?

எங்கள் ஊர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, வேலந்தாவளம் போகிற வழியில் இருக்கிறது. ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில், துணி எடுக்கக் கோயம்புத்தூர். பிஎஸ்சி இயற்பியல் முடித்த கையோடு, 2022 டிசம்பரில் இந்திய வானிலைத் துறையின் சயின்டிபிக் அசிஸ்டன்ட் தேர்வை எழுதினேன். மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்எஸ்சி நடத்தியது, 990 இடங்கள். தேறவில்லை. அப்புறம் கொச்சியில் எம்எஸ்சி மீட்டியராலஜி (வானிலையியல்), நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு, ஒரு நேர்காணல் என்று சுற்றி, இப்போது புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் வரும் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஜேஆர்எப், அதாவது உதவித்தொகை பெறும் இளநிலை ஆய்வாளராக இருக்கிறேன். இந்த வேலைக்கு எப்படித் தயாராவது என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் போன் செய்து கேட்பதற்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் கோட்டைவிட்ட கதை. 200 கேள்வி, 120 நிமிடம். முதல் பகுதி 100 கேள்வி: ரீசனிங், கணக்கு, ஆங்கிலம், பொது அறிவு, தலைக்கு 25. இரண்டாம் பகுதி 100 கேள்வியும் நம் பாடத்தில், எனக்கு இயற்பியல். தப்பான விடைக்குக் கால் மார்க் போகும். வரிசைப்படியே போவோம் என்று முதல் பகுதியில் இறங்கினேன். தொட்டியை இரண்டு குழாய் நிரப்புகிறது, ஒரு குழாய் காலி செய்கிறது என்ற கணக்கில் வீம்புக்கு உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் 68 நிமிடம் போயிருந்தது. எனக்குச் சோறு போடவேண்டிய இயற்பியலில் கடைசி இருபது கேள்வியை நான் பார்க்கவே இல்லை. இந்தத் தேர்வை எழுதுகிறவர்கள் சொந்தப் பாடத்தை முதலில் முடித்துவிடுங்கள். தொட்டி நிரம்பட்டும், நிரம்பாமல் போகட்டும்.

இன்னொன்று, இதை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள். 2022க்கு முன்பு அந்தத் தேர்வு நடந்தது 2017இல்.

பத்தாவது வரை நான் தமிழ் மீடியம். காலேஜில் மூன்று வருடம் ஆங்கிலத்தில் படித்தும், திரையில் லேட்டன்ட் ஹீட் என்று வந்ததும் மனசு ஒரு தடவை ‘உள்ளுறை வெப்பம்’ என்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மேலே போகும். ஒரு கேள்விக்கு 36 நொடிதான் என்னும்போது இது வலிக்கும். பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டில் நடுக்கோடு போட்டு, ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ச் சொல் என்று எழுதினேன். தமிழை விடவேண்டியதில்லை, எனக்குப் பொருள் புரிவது அதில்தான். வேகத்துக்கு மட்டும் ஆங்கிலச் சொல் கண்ணுக்குப் பழகவேண்டும்.

படித்ததிலேயே ஆழமாகப் பதிந்தது மழைமானிதான். காசு கொடுத்து வாங்கவில்லை. பத்து சென்டிமீட்டர் வாய் உள்ள புனல் ஒன்று, அடியில் ஒரு லிட்டர் பாட்டில், மொட்டை மாடியில் செங்கல் முட்டுக்கொடுத்து வைத்தேன். புனல் வாயின் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். அப்படியென்றால் 7.85 மில்லி தண்ணீர் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர் மழை. அளக்க, இருமல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் மூடி. வானிலைத் துறை அளப்பது போலவே காலை எட்டரைக்கு அளப்பேன்.

ஒரு ஐப்பசி காலையில் அப்பா தோட்டத்திலிருந்து வந்து, “ஒரு உழவு மழை பெஞ்சிருக்குது கண்ணு” என்றார். உழுகிற அளவுக்கு மண் நனைந்திருக்கிறது என்று அர்த்தம். அளந்தேன், 157 மில்லி. சரியாக 20 மில்லிமீட்டர். ஆஹா, உழவு மழைக்கு அளவு கிடைத்துவிட்டது என்று நோட்டில் எழுதிவைத்தேன். பத்து நாள் கழித்து இன்னொரு மழை, அதற்கும் அப்பா “ஒரு உழவுதான்” என்றார். அளந்தால் 31 மில்லிமீட்டர். மறுபடி அளந்தேன், அதே 31. கேட்டதற்கு, “அன்னைக்கு நின்னு பெஞ்சுது. இது அடிச்சுட்டு ஓடிருச்சில்ல” என்றார். நான் வானத்திலிருந்து விழுந்ததை அளக்கிறேன், அவர் மண்ணுக்குள் இறங்கியதை அளக்கிறார். மழையளவு வேறு, எவ்வளவு வேகமாகப் பெய்தது என்கிற மழைச்செறிவு வேறு, வழிந்தோடும் நீர் வேறு என்பதை அதற்குப் பிறகு நான் எங்கும் குழப்பியதில்லை.

எண்களும் பாட்டிலை வைத்தே மனப்பாடமாயின. ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டர் வந்தால் மழைநாள், 64.5 தொட்டால் கனமழை, 115.6 மிகக் கனமழை, 204.5 அதிகனமழை. என் பாட்டிலில் கனமழை என்பது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதிகனமழையில் பாட்டில் வழிந்தேவிடும்.

நெட் பற்றி இரண்டே வரி. பூமி, வளிமண்டலம், கடல், கோள் அறிவியல் என்று எல்லாம் ஒரே தாள் என்பதால் பாறைகளைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். ‘சி’ பகுதியில் 80 கேள்வியில் 25 எழுதினால் போதும். வளிமண்டலத்தையும் கடலையும் முழுதாகப் படித்தவருக்குப் பாறை பக்கம் போகாமலே சமாளிக்க வழியுண்டு.

நேர்காணல் 2025இல். எதிரே மூன்று பேர். “கேரளாக்காரர்தானே, பருவமழை தொடங்கிவிட்டது என்று எதை வைத்து அறிவிப்பீர்கள்?” என்றார் நடுவில் இருந்தவர். மினிக்காய் முதல் மங்களூரு வரை 14 நிலையங்கள். மே 10க்குப் பிறகு அவற்றில் 60 சதவீதத்தில் தொடர்ந்து இரண்டு நாள் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்யவேண்டும். அது போதாது, மேலைக்காற்றின் ஆழமும் வேகமும், பூமியிலிருந்து வெளியேறும் நீளலைக் கதிர்வீச்சின் அளவும் ஒத்துவரவேண்டும். சொன்னேன். இந்த வருடம் எப்போது என்றார். மே 24, வழக்கமான தேதி ஜூன் 1 என்றேன். தினமும் வானிலைத் துறை அறிக்கையைப் படித்த பழக்கம் கைகொடுத்தது.

“அந்த 14இல் பாலக்காடு உண்டா?”

இல்லை. திருச்சூர் உண்டு, பாலக்காடு இல்லை. “அப்படியானால் உங்கள் ஊரில் எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?” எங்களுக்கு மழைக்கு முன்னால் காற்று வந்துவிடும் சார் என்றேன். தென்னை மட்டையெல்லாம் கிழக்கே பார்க்கும், ராத்திரி கதவு தானாக அடித்துக்கொள்ளும். ஏன் அப்படி என்று பிடித்துக்கொண்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஓர் இடைவெளி, காற்று அதில் நெருக்கிக்கொண்டு வேகம் பிடிக்கிறது, மலை ஏறவேண்டியதில்லை என்பதால் மழையும் அங்கே குறைகிறது என்றேன். ஐந்து நிமிடம் இதிலேயே போனது.

அடுத்த கேள்வியில் மாட்டினேன். கள்ளக்கடல் ஏன் வருகிறது? கரையோரக் காற்றினால் என்றேன். தப்பு. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் நீண்ட அலைகள் நாள்கணக்கில் பயணித்து, இங்கே காற்றே இல்லாத நேரத்தில் கள்ளன் மாதிரி கரையேறுவதுதான் அது. பெயரிலேயே விடை இருந்தது. ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் இதற்கு எச்சரிக்கை வெளியிடுகிறது. மலையடிவாரத்துக்காரர்கள் கடல் பாடத்தைக் கடைசிக்குத் தள்ளிவைப்போம், அங்கேதான் கேட்பார்கள்.

கடைசியாக எல்லைக்காரர்களுக்கு மட்டும். மத்திய அரசின் ஓபிசி பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டில் இருக்கும் சித்தப்பா வீட்டுச் சாதிப் பெயர் அங்கே பட்டியலில் இருந்தால், அதே பெயர் கேரளப் பட்டியலிலும் இருக்கும் என்று நினைக்காதீர்கள், முதலில் தேடிப்பாருங்கள். சான்றிதழ் மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வரவில்லை என்ற வாசகத்தோடு வேண்டும். மாநில வேலைக்குக் கொடுக்கும் படிவத்தை நான் ஒரு தடவை தெரியாமல் வாங்கிவந்து, மறுபடி வில்லேஜ் ஆபீஸ், தாலுகா ஆபீஸ் என்று மூன்று நாள் அலைந்தேன். விண்ணப்பத்தில் இருக்கும் மாதிரிப் படிவத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையோடு கொண்டுபோங்கள்.