பொறை பாக்கெட்டும் நாலு ஊசியும்

1 ஆகஸ்ட் 2025, வெள்ளி
மடிப்பாக்கம் ரூட்டில் பாதி லோடு முடிந்திருந்தது. கேட்டைத் திறந்தவர், "ஒண்ணும் பண்ணாதுப்பா, வா" என்றார். பண்ணியது. லேப்ரடார் நாய். கெண்டைக்காலில் பல் உரசித் தோல் வழண்டுவிட்டது, நல்லவேளை ரத்தம் வரவில்லை. "ஊசி போட்டிருக்கா சார்?" என்று கேட்டேன். "போட்டிருக்கு, கார்டு எங்கயோ இருக்கு" என்றபடி ஓடிபியைச் சொல்லி, பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எதிர் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணன்தான் குழாயடியில் உட்கார வைத்து, துணி சோப்பைக் கையில் திணித்தார். முழுசாகப் பதினைந்து நிமிஷம் கழுவ வைத்தார். அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையம். இரண்டு தோளிலும் தோலுக்குள் ஒரு சொட்டு மருந்து, சின்னதாக ஒரு கொப்புளம் எழும்பி அடங்கியது. இன்று, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். "வலிக்கலன்னு நடுவுல விட்டுடாதே" என்றார் சிஸ்டர். காசு வாங்கவில்லை. போனது அரை நாள் சம்பளம்தான்.

4 ஆகஸ்ட், திங்கள்
இரண்டாவது ஊசி. ஹப்பில் எல்லோரும் கேலி. தெருநாய்களுக்குத் தப்பித்து, வீட்டு நாயிடம் மாட்டினவன் நான். சீனியர் அண்ணன் மட்டும் சிரிக்காமல் தன் பையைத் திறந்து காட்டினார். பார்சல்களுக்கு நடுவில் ஒரு கவர் நிறைய பொறை, டீக்கடையில் விற்கிற அந்தக் காய்ந்த ரொட்டி. ஒன்பது வருஷமாக ஒரு கடி இல்லையாம்.

"துரத்துச்சுன்னா முறுக்காதே, வண்டிய நிறுத்து. பாதி நாய் அப்பவே குழம்பிடும். பொறையை உடைச்சு தரையில போடு, கையில குடுக்காதே. கண்ணைப் பார்க்காம உன் பாட்டுக்குப் போ தம்பி."

8 ஆகஸ்ட், வெள்ளி
மூன்றாவது ஊசி. பொறை நன்றாகவே வேலை செய்கிறது. ரேஷன் கடை முனையில் காது நுனி வெட்டின செவலை, போன வாரம் வரை என் பின் டயரைக் கடிக்க வரும். இன்று சைடு ஸ்டாண்டு 'டக்'கென்றதும் எழுந்து நின்றது. துண்டை உடனே தின்னவில்லை. மோந்து பார்த்து, மணலில் ஒரு தடவை உருட்டி, நான் முதுகைத் திருப்பிய பிறகுதான் எடுத்தது. கடக், கடக்.

பொறை தீர்ந்ததும் சாக்லேட் க்ரீம் பிஸ்கட்டைப் பிரித்தேன். மாடியிலிருந்து ஒரு பாட்டி போட்ட சத்தம்! "சாக்லேட் நாய்க்கு விஷம்டா!" நானே தின்றுவிட்டேன்.

12 ஆகஸ்ட், செவ்வாய்
டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் நேற்று உத்தரவு போட்டதாம். ஹப்பில் அதே பேச்சு. மகளை நாய் கடித்த ஒருவர், "இங்கயும் அள்ளிட்டுப் போகட்டும்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. பையில் பொறை இருந்தது.

19 ஆகஸ்ட், செவ்வாய்
காய்ச்சல், லீவு. என் ரூட்டுக்குப் போன பையன் மதியம் போன் செய்தான்: "அண்ணா, ஒரு செவலை என் பையையே சுத்திச் சுத்தி வருது, எறங்க விட மாட்டேங்குது." மொத்த ரூட்டுக்கும் வரி போட்டு வைத்துவிட்டேன் போலிருக்கிறது.

23 ஆகஸ்ட், சனி
நேற்று உத்தரவை மாற்றிவிட்டார்கள். கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிபிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாது. ஆனால் தெருவில் கண்ட இடத்தில் சோறு போடக்கூடாது, அதற்கென ஒதுக்கும் இடத்தில்தான். "தம்பி, உன் பொறைக்கும் சேர்த்துத்தான் சொல்றாங்க" என்றார் வாட்ச்மேன் அண்ணன். அந்த இடம் எது என்று அவருக்கும் தெரியவில்லை. இன்று பையைத் திறக்காமலே செவலையைத் தாண்டினேன். தெரு முனை வரை கூடவே ஓடி வந்தது, குரைக்கவில்லை. திரும்பி வரும்போது காலி மனைப் பக்கம் ஒரு துண்டு போட்டேன்.

29 ஆகஸ்ட், வெள்ளி
கடைசி ஊசி. சிஸ்டர் சீட்டில் நாலாவது கட்டத்தையும் நிரப்பிக் கொடுத்தார்.

மதியம் அதே லேப்ரடார் வீடு. முதல் நாள் கொண்டுபோன அதே அளவு பெட்டி, அதே கனம். அன்று ஓட்டத்தில் கவனிக்கவில்லை, இன்று லேபிளைப் படித்தேன். நாய் உணவு, பத்து கிலோ.

கேட்டுக்கு வெளியிலேயே நின்று பெல் அடித்தேன்.